ரெச்சிட்: ஊரை விட்டுத் துரத்தப்பட்டவனின் சொல்

"உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று ஒரு மேலதிகாரி மிரட்டினால், எந்தக் காடு என்று தமிழ்நாட்டில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எங்கள் ராமநாதபுரம்தான். சினிமா நகைச்சுவையில் அடிபட்டு அடிபட்டு, நாங்களே சிரித்துவிட்டுப் போகிற வசனம் அது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்து வருஷக்கணக்காகிறது, ஆனாலும் பேர் போனபாடில்லை. அதை விடுங்கள், அந்த மிரட்டலுக்குள் மிகப் பழைய கணக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒருவனைத் தண்டிக்க அடிக்கவோ உதைக்கவோ தேவையில்லை, சொந்த ஊர், சொந்தபந்தம், தெரிந்த முகம் எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தூரமாக அனுப்பினாலே போதும், ஆள் பாதி செத்துவிடுவான் என்கிற கணக்கு. இங்கே விளக்கப்போகிற ஆங்கிலச் சொல் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

சொல்லின் பெயர் ரெச்சிட். எழுத்துக்கூட்டினால் டபிள்யூ, ஆர், ஈ, டி, சி, எச், ஈ, டி. முன்னால் நிற்கிற டபிள்யூவை உச்சரிக்கக் கூடாது. மிட்டாய் ரேப்பர், ரிஸ்ட் வாட்ச் என்று தினமும் சொல்கிறோமே, அவற்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து டபிள்யூதான், அங்கே அது எப்படி ஊமையோ இங்கேயும் அப்படியே. கடைசியில் வரும் ஈ, டி-யில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

அகராதியைத் திறந்தால் 'பரிதாபமான, அவலமான, இழிந்த' என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ படிக்கப் போனால் நாலு இடத்தில் இடிக்கும், ஏனென்றால் அந்தச் சொல் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதல் வேலை எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு மனிதனின் நிலைமை மிகவும் மோசம், பார்க்கிறவன் மனம் கலங்கிவிடும் என்று சொல்வது. எல்லை தாண்டிவிட்டதாகப் பிடிபட்டு அந்தக் கரையில், இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் கிடக்கிற மீனவரின் குடும்பம், படகும் போய் வட்டிக்கு வாங்கின கடனும் ஏறி நிற்கிறது என்றால், அந்தக் குடும்பத்தின் நிலையை ரெச்சிட் என்று எழுதலாம். இங்கே அது வெறும் வருத்தத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வருத்தம் பணக்காரனுக்கும் வரும், பரீட்சையில் ரெண்டு மார்க் குறைந்தவனுக்கும் வரும். ரெச்சிட் என்றால் வருத்தத்தோடு சேர்த்து, அதிலிருந்து எழுந்து வர வழியும் கையில் இல்லை என்று பொருள்.

இரண்டாவது, தரம் மட்டம் என்று சொல்வதற்கு. ரெச்சிட் ரோடு, ரெச்சிட் சாப்பாடு, ரெச்சிட் வெதர். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் இரு சக்கர வண்டியில் போய்ப் பாருங்கள், மணல் ஊசி ஊசியாகக் கன்னத்தில் குத்தும், கண்ணைத் திறக்க முடியாது, ரோட்டின் பாதியை மணல் மூடியிருக்கும், அந்தப் பயணத்துக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். இங்கே யார் மீதும் பரிதாபம் கிடையாது. படு மோசம், அவ்வளவுதான்.

மூன்றாவது வேலையைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை, ஆனால் ஆங்கிலேயர் வாயில் அதிகம் புழங்குவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எரிச்சலில் ஒரு பொருளைத் திட்டுவது. பாம்பனில் விடியாத நேரத்தில் வல்லத்தைத் தள்ளிவிட்டு, இஞ்சின் கயிற்றை ஒரு ஆள் இழுக்கிறார். ஒரு இழுப்பு, டுர் என்று கத்திவிட்டு நிற்கிறது. இன்னொரு இழுப்பு, அதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றிக் கைலி முனையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டி, மறுபடி இழுக்கிறார். பக்கத்து வல்லங்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. அப்போது வாயில் என்ன வரும்? "இந்தப் பாழாப்போன இஞ்சின் இன்னைக்குன்னு பாத்து மக்கர் பண்ணுது மாப்ள." மாப்பிள்ளை பதில் சொல்வார்: "நேத்தே சொன்னேன்ல மச்சான், ஆயில மாத்துன்னு." இங்கே 'பாழாப்போன' செய்கிற வேலையை அப்படியே ரெச்சிட் செய்கிறது. திஸ் ரெச்சிட் இஞ்சின். இஞ்சின் பரிதாபத்துக்குரியது என்று யாரும் நினைக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசாமல் எரிச்சலைக் கொட்ட ஒரு வழி, அவ்வளவே. அதனால்தான் பாட்டிமார்கூடப் பேரக்குழந்தைகள் முன்னால் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

ஆக, ஒரே சொல்லுக்கு மூன்று முகம். எதைத் தமிழில் போடுவது என்று திண்டாடுகிறவர்களுக்கு என் யோசனை: பின்னால் வருவது மனிதனா, சூழ்நிலையா, கையில் மாட்டிக்கொண்டு படுத்துகிற பொருளா என்று பாருங்கள். மனிதன் என்றால் 'கதியற்ற', சூழ்நிலை என்றால் 'படு மோசமான', பொருள் என்றால் 'பாழாய்ப்போன'. எல்லா இடத்திலும் 'பரிதாபமான' என்று போட்டால் பரிதாபமான இஞ்சின் என்று வந்து நிற்கும், படிக்கிறவர் சிரிப்பார்.

சரி, இப்போது வேருக்குப் போவோம். எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததே இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீளும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் வ்ரெச்சா என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. அப்போது டபிள்யூவும் ஒலித்தது. அதன் பொருள், நாடு கடத்தப்பட்டவன், ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன். 'துரத்து, விரட்டு' என்று பொருள் தரும் வினையின் வழியே வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, ஆதார் கார்டு கிடையாது. ஒருவனுக்குப் பாதுகாப்பு என்றால் அவன் உறவுக்கூட்டமும் அவன் சேவகம் செய்கிற தலைவனும்தான். அவனை யாராவது கொன்றால், கொன்றவனிடம் போய் ரத்தப்பணம் கேட்பதற்கோ பழிவாங்குவதற்கோ பங்காளிகள் இருக்க வேண்டும். இந்த இரண்டிலிருந்தும் வெட்டிவிடப்பட்டவனை யார் அடித்தாலும் கேட்க நாதியில்லை. பசி, குளிர், கடல் இவற்றோடு அலைகிற அப்படிப்பட்ட தனியாளின் புலம்பலாகவே பழைய ஆங்கிலத்தில் கவிதைகள் உண்டு. எனவே 'துரத்தப்பட்டவன்' என்ற சொல் மெல்ல மெல்ல 'பாவப்பட்டவன்' என்று ஆனதில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் அன்று துரத்தப்பட்டவன் எல்லோரும் பாவப்பட்டவன்தான். பிறகு அதுவும் போதாமல் 'இழிந்தவன், கேடுகெட்டவன்' என்றும் ஆயிற்று. ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் இவன் ஏதோ செய்திருப்பான் என்று நினைப்பதுதானே ஊர் வழக்கம்.

வ்ரெச்சா தேய்ந்து இன்றைய ரெச் ஆயிற்று. அந்தப் பெயர்ச்சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு வால் ஒட்டி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ரெச்சிட் என்ற உரிச்சொல்லை உண்டாக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இதே சொல் ஜெர்மானிய மொழியில் வேறு பாதையில் போனது. அங்கே ரெக்கெ என்றால் மாவீரன்! ஒரே வித்து, இங்கே பரதேசி, அங்கே பராக்கிரமசாலி. எப்படி என்றால், நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களில் சிலர் வாளை எடுத்துக்கொண்டு அரசவை அரசவையாகப் போய்ப் போரிட்டுப் பெயர் எடுத்தார்கள், பாட்டில் பாடப்பட்டார்கள். ஆங்கிலத்திலேயே இந்தப் பெருமைப் பொருளின் தடம் இருக்கிறது: பேவுல்ஃப் என்ற பழங்காவியத்தில் டிராகனைக் கொன்ற வீரன் ஒருவனை 'வ்ரெச்சாக்களில் புகழ் மிகுந்தவன்' என்றுதான் பாடுகிறார்கள். அந்தப் பழைய பொருளில் பார்த்தால், அரசுரிமை இழந்து காட்டுக்கு அனுப்பப்பட்டு, கையில் வில்லோடு எங்கள் கரையில் வந்து நின்று கடலைப் பார்த்த அயோத்தி இளவரசரும் ஒரு வ்ரெச்சாதான், ஆங்கிலக் கணக்கிலும் சரி ஜெர்மன் கணக்கிலும் சரி. இன்றைய பொருளில் இதை ராமேஸ்வரம் ரத வீதியில் நின்று சொல்லிவிடாதீர்கள், நான் பொறுப்பில்லை.

ஜெர்மானிய மொழியை எடுத்ததால் இன்னொன்றும். துன்பம், அவலம் என்பதற்கு அவர்களிடம் உள்ள சாதாரணச் சொல் ஏலெண்ட். அதன் பழைய வடிவத்துக்கு நேர்ப் பொருள் 'வேற்று நாடு'. அன்னிய மண்ணில் இருப்பதே அவலம் என்று அந்த மொழியும் முடிவு கட்டிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் புதிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நாம் செய்ததும் இதையேதான். பரதேசி என்ற சொல்லைப் பிரித்தால் பிற தேசத்தான், வெளியூர்க்காரன், அவ்வளவுதான். கொச்சியில் 1568-இல் கட்டிய யூதர் ஆலயத்தின் பெயர் இன்றைக்கும் பரதேசி சினகாக். அது வசையில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் கட்டியது என்று அர்த்தம். பிறகு ஊர் ஊராக அலைகிற சந்நியாசிக்குப் பரதேசி என்று பெயர் வந்தது, பண்டாரம் பரதேசி என்று ஜோடி சேர்த்தார்கள், பிச்சை எடுப்பவன் என்றாயிற்று, பஞ்சத்தில் ஊரைக் காலி செய்துவிட்டு வந்தவன் பஞ்சப்பரதேசி ஆனான், கடைசியில் 'பரதேசிப் பய' என்று டீக்கடையில் திட்டுகிற இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. வ்ரெச்சா ரெச் ஆன அதே பாதை. போக்கத்தவன் என்பதும் அப்படித்தான். போக்கு அற்றவன், போக இடமில்லாதவன், கேட்டால் மனம் இரங்க வேண்டிய சொல், ஆனால் யாரும் இரக்கத்தோடு சொல்வதில்லை, "போக்கத்த பயலே" என்றுதான் சொல்கிறார்கள். மனிதர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம்போலத் தெரிகிறது. வீடு இல்லாதவனைப் பார்த்து முதலில் ஐயோ பாவம் என்பது, கொஞ்ச நாள் போனதும் சீ என்பது. இரண்டு மொழிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை, தனித்தனியாகவே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

எங்கள் கரையில் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாததற்குக் காரணம், பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்ற ஊர். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கை தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை, நோய் நொடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்து, அப்புறம்தான் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அந்தத் தொழிலாளர்களின் வம்சத்தில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அப்படி வருவதற்குத் 'தாயகம் திரும்புதல்' என்று பெயர். அவர்களில் பலர் இந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதே கிடையாது. அங்கே இந்தியாக்காரன், இங்கே வந்தால் சிலோன்காரன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகு படகாக வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான் முதல் வாசல்.

2022-இல் அந்தக் கரையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டிய நிலை வந்தபோதும் மக்கள் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி நுனியில் இருக்கிற அரிச்சல்முனைக்கும் இலங்கைக் கரையின் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் வரிசையாக மணல்திட்டுகள் இருக்கின்றன. இரவில் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு வருகிற ஆள், பணத்தை முன்பே வாங்கிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக ஒரு திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார், கரை வரைக்கும் வந்தால் மாட்டிக்கொள்வாரே. திட்டில் மரம் கிடையாது, நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. கைக்குழந்தை, ஒரு பை, ஒரு பாட்டில் தண்ணீர், முழங்கால் வரை ஈரமான துணி, நாலு பக்கமும் கடல். விடிந்து யாராவது மீனவர் பார்த்துத் தகவல் சொன்ன பிறகு கடலோரக் காவல்படை வந்து ஏற்றிக்கொண்டு போகும். பழைய ஆங்கிலத்தில் வ்ரெச்சா என்று சொன்னார்களே, அதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டை என்னால் தர முடியாது. எந்த நாட்டுச் சட்டம் தன்னைக் காக்கும் என்று தெரியாமல் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதன்.

இந்த இடத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மக்களின் நிலைமை ரெச்சிட் என்று எழுதுவது சரி. அந்த மக்களே ரெச்சிட் என்று எழுதினால் வேறு வாடை வந்துவிடும், மேலே நின்று கீழே பார்க்கிற வாடை. நிலைமைக்குப் போட்ட சொல் ஆள் மேல் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது கஷ்டம். தமிழில் அகதி என்பதற்கும் இதே கதைதான், கதி இல்லாதவர் என்று பொருள்படும் சொல், முகாமில் பிறந்து இங்கேயே காலேஜ் படித்து முடித்த பிள்ளைக்கும் அதுவே அடையாளமாகிப்போனது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது இதனால்தான். பெயர் மாறினால் கூரை ஒழுகுவது நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஆனாலும் வேலை கேட்டுப் போகிற இடத்தில் முகவரியைச் சொல்லும்போது எந்த வார்த்தை வாயிலிருந்து வருகிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

இந்தச் சொல்லுக்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு, கடற்கரைக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்தவன். ரெக். கப்பல் உடைவது, உடைந்த கப்பல். அதுவும் 'விரட்டு, தள்ளு' என்ற அதே மூலத்தைச் சேர்ந்தது. முதலில் அதற்குப் பொருள் உடைந்த கப்பலே இல்லை, கடல் தள்ளிக் கரையில் ஒதுக்கின சரக்கு. ஊர் வெளியே தள்ளின ஆள் ரெச், கடல் வெளியே தள்ளின பொருள் ரெக், இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கால இங்கிலாந்தில் அப்படிக் கரை ஒதுங்கினது ராஜாவுக்குச் சொந்தம். அதில் அக்கிரமம் நடக்கவே 1275-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பி வந்திருந்தால் அந்தச் சரக்கை ரெக் என்று சொல்லி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பூனை பிழைத்தால் ராஜாவுக்கு நஷ்டம்! பூனைகளுக்கு அந்த ஊரில் என்ன ஆகியிருக்குமோ.

எங்கள் பக்கம் வாடைக் காற்றுக் காலத்தில் விடியற்காலை கரையோரம் நடந்தால் அந்தப் பழைய பொருளில் ரெக் ஏராளம் கிடைக்கும். அறுந்த வலைத் துண்டு, தெர்மாகோல், ரப்பர் செருப்பு, எப்போதும் ஒற்றையாகத்தான், சிங்கள எழுத்துப் போட்ட பாட்டில், பாசி படிந்த பலகை. தனுஷ்கோடியில் பாதி நிற்கிற சர்ச் சுவரையும் ஸ்டேஷன் சுவரையும் டூரிஸ்ட் கைடுகள் ஆங்கிலத்தில் ரெக் என்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடலுக்குள் இழுத்துப் போன ஊர் அது. அதற்குப் பிறகு அது குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசே அறிவித்தது. அன்றைக்கு வீடு இழந்து ராமேஸ்வரம் பக்கம் வந்து குடியேறியவர்கள் ரெச்சிட் என்ற சொல்லின் கீழ் வருவார்கள், அவர்கள் விட்டு வந்த சுவர்கள் ரெக்கின் கீழ் வரும்.

அப்புறம் பைபிள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் இந்தச் சொல் ஏறியதில் 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ரோமர் நிருபத்தில் பவுல் தன்னைப் பற்றியே 'நான் எவ்வளவு ரெச்சிட்டான மனிதன்' என்று கதறுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'நிர்ப்பந்தமான மனுஷன் நான்' என்று இருக்கிறது. இன்று நிர்ப்பந்தம் என்றால் நமக்குக் கட்டாயப்படுத்துவது என்றுதான் தோன்றும், அந்தக் காலத்தில் அதற்குத் துன்பம் என்ற பொருளும் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில் இன்னும் உபயோகமான ஒரு வரி இருக்கிறது, ஏனென்றால் ரெச்சிட்டும் மிசரபிளும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் முதலாவதற்கு 'நிர்ப்பாக்கியமுள்ளவன்', இரண்டாவதற்கு 'பரிதபிக்கப்படத்தக்கவன்' என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்களின் காது கூர்மை. மிசரபிளின் லத்தீன் மூலத்துக்கே 'இரங்கத்தக்க' என்றுதான் பொருள், பார்க்கிறவனின் இரக்கம் அதில் அடங்கியிருக்கிறது. ரெச்சிட்டில் அது இல்லாமலும் இருக்கலாம், யாரும் இரங்காவிட்டாலும் அவன் ரெச்சிட்தான்.

சர்ச்சுகளிலும் மேடைகளிலும் உலகமெங்கும் பாடுகிற அமேசிங் கிரேஸ் பாட்டின் தொடக்கத்தில் இதன் பெயர்ச்சொல் வருகிறது, என்னைப் போன்ற ஒரு ரெச்சையும் காப்பாற்றியதே என்று. எழுதியவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர், பிறகு பாதிரியார் ஆனார், பாட்டு 1779-இல் அச்சானது. அடிமை வியாபாரம் செய்த ஆள் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டது பொருத்தம்தான். ஆனால் இன்றைக்குச் சில பாட்டுப் புத்தகங்களில் ரெச் என்பதை எடுத்துவிட்டு 'ஆத்மா' என்று மாற்றியிருக்கிறார்கள், பாடுகிறவர்கள் தங்களை அவ்வளவு மட்டமாகச் சொல்லிக்கொள்ள விரும்புவதில்லை என்பதால். அந்தச் சொல்லின் காரம் இன்னும் குறையவில்லை என்பதற்கு இது போதும்.

பக்கத்துச் சொற்களோடு கொஞ்சம் ஒப்பிட்டுவிடுவோம். மிசரபிள் அன்றாடச் சொல், மழையில் நனைந்தாலும் மிசரபிள், காதல் தோல்வியும் மிசரபிள். பிரெஞ்சில் அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். அப்ஜெக்ட் என்றால் 'தூக்கி எறியப்பட்ட' என்பது லத்தீன் பொருள், இன்று அது பெரும்பாலும் வறுமை, தோல்வி என்ற சொற்களுக்கு முன்னால்தான் உட்காரும், அப்ஜெக்ட் பாவர்ட்டி என்று கேட்டிருப்பீர்கள். ஃபர்லார்ன் தனிமையின் சொல், எல்லோரும் விட்டுப்போன மாதிரி. பதெட்டிக் என்பதை இன்று இளக்காரத்துக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் ரெச்சிட்தான் கொஞ்சம் பழைய வாசனையும் கனமும் உள்ளது. பரீட்சைக் கட்டுரையில் ஒருமுறை வந்தால் நன்றாக இருக்கும், பத்திக்குப் பத்தி வந்தால் திகட்டும்.

இன்னொரு பயன்பாடு: ஐ ஃபீல் ரெச்சிட் என்று ஒருவர் போனில் சொன்னால் பதறிப்போக வேண்டாம். காய்ச்சல், உடம்பு சரியில்லை என்று இருக்கலாம், அல்லது செய்த தப்பை நினைத்து மனசு உறுத்துகிறது என்று இருக்கலாம். முன்பின் பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'புவர் ரெச்' என்றால் 'பாவம் அந்த மனுஷன்', அதில் இரக்கம்தான் அதிகம். வெறும் 'யூ ரெச்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் அது திட்டு, சிலசமயம் நண்பர்களுக்குள் செல்லத் திட்டு.

இனி அந்த ஈ, டி. வாக் என்ற வினையின் இறந்தகாலத்தை வாக்ட் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், வாக்கிட் என்று சொன்னால் தப்பு. அதே பழக்கத்தில் ரெச்சிட்டை ரெச்ட் என்று சொல்லிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் சில உரிச்சொற்களுக்கு மட்டும் அந்த ஈ, டி தனி அசையாக ஒலிக்கும். விக்கிட், நேக்கிட், க்ரூக்கிட், ரக்கிட் எல்லாம் அந்த வகை. இதற்கு விதி தேடி அலையாமல் நாலைந்தையும் வாயில் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொள்வதுதான் உத்தமம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரெச்ட் என்று ஒரே அசையாகச் சொன்னால் அது வேறு சொல். டபிள்யூ இல்லாமல் எழுதும் ரெச் என்பது ஒரு வினை, வாந்தி வருகிற மாதிரி குமட்டுவது, ஓங்கரிப்பது. அதன் இறந்தகாலம்தான் ரெச்ட். பழக்கமில்லாத ஒருவரை வாடைக் காற்றில் நாட்டுப்படகில் ஏற்றிக்கொண்டு போனால் பாம்பன் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் அவர் ரெச்சிட்டாக இருப்பார், தாண்டியதும் தலையைப் படகுக்கு வெளியே நீட்டி ரெச்ட்.